நீர் மாத்திரைதானேன்னு அலட்சியம் வேண்டாம்

கால் வீங்குதுன்னு நீர் மாத்திரையை நீங்களே ஒண்ணு கூட்டிப் போடுறீங்களா? தயவுசெய்து வேண்டாம்.

இதய பலவீனத்துக்குத் தரும் ஃபுரோசமைட், உப்போடு சேர்த்து பொட்டாசியத்தையும் சிறுநீரில் வெளியேற்றும். பொட்டாசியம் குறைஞ்சா, கூடவே சாப்பிடும் டிகாக்சின் வழக்கமான அளவிலேயே விஷமாகலாம்.

பசியின்மை, வாந்தி, பார்க்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரியுறது. வீட்டில் 'பித்தம்'னு சொல்லி எலுமிச்சை ஜூஸ் கொடுத்துட்டு, அதே மாத்திரையைத் தொடர்றாங்க. இதயத்துடிப்பு தாறுமாறான பிறகுதான் எங்ககிட்ட வர்றாங்க.

தப்பு நோயாளி மேல மட்டும் இல்லை. ஒரு மாச மாத்திரையைக் கையில் கொடுத்துட்டு, ஒரு நிமிஷம் விளக்காத எங்க மேலயும்தான்.

இந்த ரெண்டு மாத்திரையும் சாப்பிடுறவங்களுக்கு வாந்தி வந்தா காத்திருக்காதீங்க. எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துக்கிட்டு உடனே வாங்க. ஈசிஜியும் பொட்டாசியம் அளவும் பார்த்தாலே பெரும்பாலும் நிலைமை புரிஞ்சிடும்.