தீர்ப்பு வரும்வரை அடிமையா?

பிப்ரவரி 9. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்த நாள். ஆண்டுதோறும் அரசு அலுவலகங்களில் அன்று உறுதிமொழி எடுக்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் மீட்கப்பட்டவருக்குச் சேர வேண்டிய மறுவாழ்வுத் தொகையை, அடிமைப்படுத்தியவன் பெறும் தண்டனையோடு முடிச்சுப் போட்ட முடிவு அப்படியே கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு எதற்கு உறுதிமொழி?

2016-இல் மத்திய அரசு தொகையை உயர்த்தியது. ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் சிறுவருக்கும் இரண்டு லட்சம், கொடுமை மிகுந்த நிலையில் மூன்று லட்சம். கூடவே அந்த நிபந்தனையும் வந்தது. பின்னர் திட்டத்தைத் திருத்தியபோது உடனடி உதவியை 20,000 ரூபாயிலிருந்து 30,000 ஆக்கினார்கள். முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை. முழுத் தொகையும் கைக்கு வர வழக்கு முடிய வேண்டும். வழக்கு எப்போது முடியும்? செங்கல் சூளை முதலாளி வாய்தா மேல் வாய்தா வாங்குவார். சாட்சி சொல்ல வேண்டியவர் பிழைப்புத் தேடி வேறு ஊர் போயிருப்பார். முப்பதாயிரம் ரூபாய் ஒரு குடும்பத்துக்கு எத்தனை மாதம் வரும்? அது தீர்ந்ததும் மறுபடி எவனிடமோ முன்பணம் வாங்குவதைத் தவிர வழியில்லை.

1976 சட்டத்தின் 15-ஆவது பிரிவு, வாங்கிய கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் தலையில்தான் வைத்தது. கைநாட்டு வைத்தவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சுமையைத் திட்டத்தின் பெயரால் மீண்டும் தொழிலாளியின் தோளில் ஏற்றியிருக்கிறார்கள். கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று கொடுத்த பிறகு இன்னும் என்ன சான்று வேண்டும்?

தண்டனை கிடைத்தால்தான் கொடுமை நடந்ததாகப் பொருளா? காவிரி டெல்டாக்காரர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழாரை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதனால் அந்த 44 பேர் எரியவில்லை என்றாகிவிடுமா?

மேலே இருந்தவர்கள் அரைக் கதவைத் திறந்துவிட்டு முழு விடுதலை என்று சொல்வது புதிதல்ல. அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று 1843-இலேயே சட்டம் போட்டார்கள். நூறு ஆண்டு கழித்து கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் இந்த டெல்டா மண்ணில் விவசாயிகள் சங்கம் கட்ட வந்தபோதும் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும்தான். 1952-இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. அதற்குக் கீழே இருந்தவர்களிடம் உழைத்த பண்ணையாள் யாரிடம் போய் முறையிடுவார்? அந்த அவலம் அதோடு முடியவும் இல்லை. 2018-இல் கஜா புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது உதவி நேரத்தில் வரவில்லை. வாங்கிய கடனுக்குப் பெற்ற பிள்ளையை ஆடு மேய்க்க விட்ட குடும்பங்களின் கதையை டெல்டா முழுக்கப் படித்தோமே! அந்த வெட்கம் யாரையும் உறுத்தவில்லையா?

விடுதலைச் சான்றோடு ஊர் திரும்பியவருக்கு உரியதை, தீர்ப்புக்குக் காத்திராமல் கொடுக்க ஒரு வழி காண வேண்டும். டெல்லி மறுத்தால் மாநில அரசாவது முன்வர வேண்டும். பணமில்லை என்ற பதிலை ஏற்க மாட்டோம்.