விலாசம் மாறிப் போகும் அட்வைஸ்

விருதுநகர் மாவட்டத்தில் என்ன விளைகிறது என்று கேட்டால் பருத்தி, மிளகாய், சோளம், கம்பு என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். ஒன்றை விட்டுவிட்டார்கள். அட்வைஸ். வானம் பார்த்த பூமியில் மழை பொய்க்கும், கண்மாய் வற்றும். இது மட்டும் முப்போகம் விளையும்.

அறுவடையாகிற அத்தனையும் ஒரே ஆள் தலையில்தான் கொட்டப்படுகிறது. வயது 18லிருந்து 21. காலேஜ் போகிற பெண்.

'என்னத்தா, துப்பட்டாவை வீட்டிலயே வச்சிட்டு வந்துட்டியா?'

'பொம்பளப் பிள்ளைக்கு பரோட்டாக் கடையில என்ன சோலி?'

'எந்நேரமும் போனு. அதுல அப்படி என்னதான் இருக்கோ!'

'கவர்மென்ட்டு மாசம் ஆயிரம் ரூவா குடுக்குதுல்ல... அம்புட்டும் பவுடருக்கும் க்ளிப்புக்குமே போயிருது.'

சொல்பவர்கள் யார்? சித்தப்பா, எதிர்வீட்டு மாமா, டவுன் பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத பெரியவர். இவர்களை எல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதவர் ஆண்டு விழாவின் சிறப்பு விருந்தினர். பத்து மணி விழாவுக்கு பதினொன்றரைக்கு வந்து, முக்கால் மணி நேரம் ஒழுக்கம், காலம் தவறாமை, நம் கலாசார உடை பற்றியெல்லாம் பேசிவிட்டு, பொன்னாடை போர்த்திக்கொண்டு போவார். அந்தப் பொன்னாடை பாலியஸ்டர்.

சரி, யார் இந்தப் பெண்? சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காலையில் பஸ் ஏறுகிறவள். பல வீடுகளில் டிகிரி என்ற வார்த்தையே இவளோடுதான் உள்ளே வந்திருக்கிறது. விருதுநகரில் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி வந்தது 1962ல். சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963ல். ஸ்டாண்டர்ட் ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968ல். பெயரிலேயே பட்டாசு இருக்கிற மகளிர் கல்லூரி உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா தெரியவில்லை. எனக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். பொய் சொல்லாத பெயர். இந்த ஊர்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது தீப்பெட்டியும் வெடியும்தான். கல்லூரி கட்டிய முதலாளி வீட்டுக்கும் அதேதான், கல்லூரிக்கு வருகிற தொழிலாளி வீட்டுக்கும் அதேதான்.

இவள் பஸ்ஸுக்கு நிற்கிற அதே நேரத்தில், அதே ஸ்டாப்பில், அம்மா பட்டாசு ஆலை வேனுக்கு நிற்பார். அம்மாவுக்குப் பெரும்பாலும் பீஸ் ரேட். எத்தனை குழாய் உருட்டினாய், எத்தனை பெட்டி ஒட்டினாய், அதற்குத்தான் காசு. லீவு விட்டால் மகளும் போவாள். சிலர் பட்டாசுக்கு, சிலர் அச்சகத்தில் காலண்டர், டைரி வேலைக்கு. நாம் சுவரில் மாட்டுகிற தினசரி காலண்டரில் பாதி, பரீட்சை முடிந்த கை தொட்டுக் கொடுத்ததாக இருக்கலாம்.

இந்தப் பெண் வாங்குகிற குர்த்தியைத்தான் 'ஊதாரித்தனம்' என்கிறார்கள். சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ஒரு மாணவியிடம் பேச்சுக் கொடுத்தேன். 'உன் டிரஸ்ஸுக்கு யாரும்மா காசு கொடுக்கிறாங்க?' கொஞ்சம் முறைத்துவிட்டுச் சொன்னாள்: 'நான்தான் சார். தீபாவளிக்கு முந்தி ரெண்டு மாசம் பெட்டி ஒட்டுனேன்.' அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சிவகாசியில் 'பேன்ஸி' என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, வளையலும் ஹேர்பேண்டும் விற்கிற பேன்ஸி ஸ்டோர். இன்னொன்று, வானத்தில் போய் வண்ணமாக விரிகிற பேன்ஸி ரகப் பட்டாசு. விபத்துச் செய்திகளில் இந்த இரண்டாவது பேன்ஸி அடிக்கடி வரும். பெரியவர்கள் கவலைப்படுவதெல்லாம் முதல் பேன்ஸியைப் பற்றி.

2021 பிப்ரவரி 12. சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அவர்களில் ஒரு கல்லூரி மாணவியும் உண்டு. லிப்ஸ்டிக் போட்டதால் அவள் சாகவில்லை. லெக்கிங்ஸ் போட்டதாலோ, பரோட்டா தின்றதாலோ, செல்போன் பார்த்ததாலோ சாகவில்லை. வேலைக்குப் போனதால் செத்தாள். உழைத்துப் படி என்று நாம் கொடுக்கிறோமே ஒரு அட்வைஸ், அதைக் கேட்டு நடக்கிற பிள்ளைகள் போய் நிற்கிற இடம் இதுதான்.

அந்த ஆலை எப்படி நடந்தது என்பதும் அப்போதே வெளியே வந்தது. லைசென்ஸ் ஒருவர் பெயரில். அவர் குத்தகைக்கு விட்டார். குத்தகைக்காரர் கொட்டகை கொட்டகையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விட்டார். உள்குத்தகை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. வீட்டை ரூம் ரூமாக வாடகைக்கு விடுவது மாதிரி, வெடிமருந்து அறைகளைத் தனித்தனி ஆளுக்கு விடுவது. கொடுத்த வாடகையை எடுக்க ஒவ்வொருவனும் போட்டி போட்டுக்கொண்டு ஆளையும் மருந்தையும் கூட்டுவான். கொட்டகைக்கு நாலு பேர் என்ற விதி காற்றில் போகும். இடம் போதவில்லை என்றால் மரத்தடியில் உட்கார வைப்பான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் கொடுக்கச் சொன்னது. அதற்கு முன்பு 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி. 40 பேர் வரை போனார்கள். அதற்குப் பின்பு 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னகாமன்பட்டி. இந்த முதலாளிகளையும் குத்தகைக்காரர்களையும் கூட்டிவைத்து யாராவது ஒரு ஆண்டு விழாவில் முக்கால் மணி நேரம் ஒழுக்கம் பற்றிப் பேசியிருக்கிறார்களா?

டிரஸ் கோடு பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, இந்த மாவட்டத்தில் உயிரைக் காப்பாற்றுகிற டிரஸ் கோடு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. வெடிமருந்து அறைக்குள் பருத்தி உடைதான் போட வேண்டும். நைலான், பாலியஸ்டர் துணி உடம்பில் உரசினால் நிலைமின்சாரம் உண்டாகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும், கொட்டகை இருக்காது. உள்ளே நுழையும்போது கையை வைத்து அந்த மின்சாரத்தைத் தரைக்கு இறக்க வாசலில் செம்புத் தகடு இருக்க வேண்டும். எத்தனை கொட்டகையில் அந்தத் தகடு இருக்கிறது, எத்தனை பேருக்குப் பருத்தி உடை தைத்துக் கொடுத்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை. காலேஜ் வாசலில் துப்பட்டாவுக்கு இரண்டு பக்கமும் பின் குத்தியிருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஆள் போடுவோம்.

இந்த வியாதி பழையது. 2005ல் அண்ணா பல்கலைக்கழகம் ஒரு உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கிறதா? ஜீன்ஸ் கூடாது, டி-ஷர்ட் கூடாது, கையில்லாத சட்டை கூடாது, இறுக்கமாகப் போடக் கூடாது. துணைவேந்தர் விஸ்வநாதன் காலத்தில் வந்தது. இணைப்புக் கல்லூரிகளுக்கும் சேர்த்துத்தான். ஊரெல்லாம் பட்டிமன்றம் நடந்தது. எனக்குத் தெரிந்து அதனால் ஒரு பையனுக்கும் கணக்கு கூடுதலாக வரவில்லை. ஆனால் பல கல்லூரிகளுக்கு நல்ல சாக்கு கிடைத்தது. லேப் இல்லையா, லைப்ரரியில் புத்தகம் இல்லையா, வாத்தியார் இல்லையா, கவலையில்லை. டிரஸ் கோடு இருக்கிறது!

'காமராஜரே யூனிஃபார்ம் கொண்டுவந்தாரே' என்று உடனே ஒருவர் கையைத் தூக்குவார். கொண்டுவந்தார். விருதுநகர்க்காரர். பசியோடு வருகிற பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று தெரிந்தவர். அதனால் பள்ளியில் சாப்பாடு போட்டார், பிறகு சீருடை கொடுத்தார். கவனியுங்கள், கொடுத்தார். ஒரு மாணவரின் வாழ்க்கையில் சோறும் துணியும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த மனுஷருக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் ஒரு முழம் துணி எடுத்துக் கொடுத்தீர்களா? சட்டம் மட்டும்தானே கொடுக்கிறீர்கள்.

சோறு என்றதும் பரோட்டாவுக்கு வருகிறேன். விருதுநகர் வரை போய்விட்டு பொரித்த பரோட்டா சாப்பிடாமல் வருவது பழனிக்குப் போய்விட்டு மலையேறாமல் வருவது மாதிரி. மற்ற ஊரில் கல்லில் சுடுவான். இங்கே எண்ணெயில் மிதக்க விட்டு, ஓரம் மொறுமொறு என்று வரும்வரை பொரித்து, பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றுவான். பர்மா கடையில் ஆரம்பித்து சின்னச் சின்னக் கடை வரைக்கும் ராத்திரி ஆண்கள் கூட்டம். எந்தப் பையனையும் பார்த்து 'உனக்கு இங்கே என்ன சோலி?' என்று யாரும் கேட்டதில்லை. செமஸ்டர் முடிந்த சாயங்காலம் நாலு பெண்கள் காசு பங்கு போட்டு ஒரு டேபிளில் உட்கார்ந்தால் மட்டும் கடையே திரும்பிப் பார்க்கிறது.

மைதா உடம்புக்கு ஆகாது என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மைதா ஆம்பளைக் குடலுக்கு மட்டும் ஆகுமா? நிஜமாகவே பெண்பிள்ளைகள் உடம்பில் அக்கறை இருந்தால் வேறு ஒரு கணக்கு இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் காலையில் ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்காதவர்கள், சாயங்காலம் அவள் என்ன சாப்பிட்டாள் என்று விசாரிப்பது அக்கறை இல்லை. வேவு.

அந்த ஆயிரம் ரூபாய்க் கணக்கும் அப்படித்தான். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்க வருகிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் தந்தது. அதில் ஒரு நூறை அவள் ஹேர் க்ளிப்புக்குச் செலவழித்தால் கஜானா கவிழ்ந்துவிடாது. கையில் நூறு ரூபாய் வைத்துக்கொண்டு, எதை வாங்கலாம் என்று யாரையும் கேட்காமல் முடிவு பண்ணுவது, இவள் அம்மாவுக்குக் கிடைக்காத சுகம்.

இனி போன். 'போனைக் கெடுத்ததே இந்த போன்தான்' என்கிற ரீதியில் பேசுகிறவர்களுக்கு அருப்புக்கோட்டையை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. 2018ல் தேவாங்கர் கலைக் கல்லூரியில் ஒரு உதவிப் பேராசிரியை மாணவிகளை போனில் கூப்பிட்டார். குரலில் எவ்வளவு அன்பு! மேலிடத்தில் இருப்பவர்களோடு அனுசரித்துப் போனால் மார்க்கும் பணமும் வரும் என்று ஜாடையாகப் பேசினார். அதுவும் அட்வைஸ் தொனியில்தான். அந்தப் பிள்ளைகள் விருப்பமில்லை என்று மறுத்தார்கள். மறுத்ததோடு நிற்கவில்லை, அத்தனையையும் பதிவு பண்ணி வைத்தார்கள். ஏப்ரலில் ஆடியோ வெளியே வந்து மாநிலமே ஆடிப் போனது. கைது, சி.பி.சி.ஐ.டி., கவர்னர் போட்ட சந்தானம் விசாரணைக் குழு என்று ஓடி, 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அந்தப் பேராசிரியைக்குப் பத்து வருஷம் தண்டனை கொடுத்தது. கூடக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு ஆண்கள் விடுதலையானார்கள்.

எந்த போனைக் காலேஜுக்குக் கொண்டு வராதே, வீட்டில் தொடாதே என்கிறோமோ, அந்த போன்தான் அந்தப் பிள்ளைகளுக்கு சாட்சி சொன்னது. அது இல்லையென்றால் என்ன நடந்திருக்கும்? பேராசிரியை சொல் ஒரு பக்கம், கிராமத்துப் பெண்களின் சொல் ஒரு பக்கம். 'நீங்க போட்டுட்டு வர்ற டிரஸ்ஸுக்கு...' என்று ஆரம்பித்திருப்பார்கள் நம் ஆட்கள்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிற அம்மாக்களை நான் குறை சொல்லவில்லை. மகள் அரை மணி நேரம் லேட்டாக வந்தால் அவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். அந்தப் பயத்துக்குக் காரணம் மகளின் குர்த்தி இல்லை என்பது அவர்களுக்கே தெரியும். தெருவில் இருக்கிற எதையும் மாற்ற முடியாது என்கிற இயலாமையில் மகளை மாற்றப் பார்க்கிறார்கள். என் சண்டை மாற்ற முடிந்தவர்களோடு. கல்லூரியில் பாலியல் புகாரை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013 சட்டமும் 2015 யு.ஜி.சி. விதியும் சொல்கின்றன. உங்கள் ஊர் கல்லூரி நோட்டீஸ் போர்டை ஒருமுறை பாருங்கள். டிரஸ் கோடு கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் பக்கத்தில் அந்தக் குழுவில் இருப்பவர்களின் பெயரும் போன் நம்பரும் இருக்கிறதா?

இருக்காது என்று நான் சொல்லவில்லை. போய்ப் பாருங்கள் என்கிறேன்.

சிறப்பு விருந்தினர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த ஆண்டு விழாவில் மைக் கையில் கிடைத்ததும், கடைசி பெஞ்சுப் பெண்களைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். கொட்டகையில் நாலு பேருக்கு மேல் உட்கார வைக்கிறீர்களா, உள்குத்தகை விட்டிருக்கிறீர்களா, வாசலில் செம்புத் தகடு இருக்கிறதா என்று முதல் வரிசையைப் பார்த்துக் கேளுங்கள். பதில் தெரிந்தவர்கள் அங்கேதான், சோஃபாவில் உட்கார்ந்திருப்பார்கள்.