ரெண்டு மிருதங்கம், ஒரே முதுகு

மக்களே, இந்த வாரம் மூட்டை தூக்குற மேட்டர்.

பாடறவங்களுக்குக் கவலையே இல்லை, தம்புரா செல்போனுக்குள்ள வந்தாச்சு. வயலின்காரர் பெட்டியோட பஸ் ஏறிடுவார். மாட்டிக்கிட்டது மிருதங்க பார்ட்டிதான். பலாமரக் கனம்கூடப் பரவாயில்லைங்க, சுருதிதான் வில்லன். ஆண் குரல் 1 கட்டைன்னா நீளமான தக்கு சுருதி மிருதங்கம், பெண் குரல் 5 கட்டைன்னா குட்டையான ஹெச்சு சுருதி. ஒண்ணை இழுத்துப் பிடிச்சு இன்னொண்ணாக்க முடியாது. ஒரே நாள்ல ரெண்டு கச்சேரி, டொராண்டோ சப்வே படிக்கட்டு, ஜனவரிப் பனி... நினைச்சுப் பாருங்க!

அதான் ஒண்ணையாவது நட்டு போல்ட் மிருதங்கமா மாத்தியாச்சு. வார் கிடையாது, ஸ்பேனரைத் திருகினா சுருதி சேரும். கனம் பெருசா குறையலை. ஆனா இங்க ஹீட்டர் காத்துல தோல் காய்ஞ்சு, சுருதி ஏறிக்கிட்டே போகும். வலந்தலை கிழிஞ்சா ஸ்பேர் மூட்டை நாமளே மாட்டிக்கலாம். வார் பிடிச்சதுன்னா அதுக்குன்னு கை தேர்ந்த ஆள் வேணும். எனக்கு அது அடுத்த சென்னை டிரிப்தான்.

உமையாள்புரம் சிவராமன் ஃபைபர்கிளாஸ் மிருதங்கத்தையே அறிமுகப்படுத்தினவர், அதனால 'மரம் இல்லாட்டி நாதமா'ங்கற சண்டைக்கு நான் வரலை. (என் காதுக்கு இன்னும் பலாதான், அது வேற விஷயம்.)

அப்புறம் தொப்பிக்கு ரவை. டப்பால எடுத்துட்டுப் போய் அங்கயே பிசைஞ்சு அப்பிக்கலாம். கச்சேரி முடிஞ்சதும் மறக்காம சுரண்டிடணும், ஈரத்தோட உறைக்குள்ள போனா தோல் காலி. போன தடவை பிசையும்போது ஒரு பாட்டி எட்டிப் பார்த்துக் கேட்டாங்க: "உப்புமாவா தம்பி?"