உடலுக்குள் ஒரு சாட்சி



“மாடிப்படி ஏறினால் கால் வலிக்கிறது” என்று பிள்ளை முறையிடும்போது, “சோம்பேறித்தனத்திற்கு ஒரு சாக்கு” என்று நாம் அதட்டிவிடுவதுண்டு. அச்சொல் சில வேளை எத்துணை பெரிய அநீதியாகிவிடும் என்பதை பாஸ்பேட் என்னும் எளிய பொருள் உணர்த்திய வரலாற்றை இம்மாதம் காண்போம்.

நம் எலும்பிலும் குருதியிலும் தசையிலும் வல்ல அல்லாஹ் பாஸ்பேட்டை அமைத்திருக்கிறான். நீரில் கரைந்த பாஸ்பேட் ஒரே வடிவில் நிலைத்திருப்பதில்லை. சுற்றிலும் அமிலம் மிகுந்தால் ஹைட்ரஜன் அயனி ஒன்றைக் கூடுதலாகப் பற்றிக்கொள்ளும், குறைந்தால் விட்டுவிடும். நம் உடலில் இவ்விரு வடிவங்களும் கலந்தே இருக்கின்றன. ஒன்று மற்றொன்றாக மிக விரைவாக மாறிய வண்ணம் உள்ளன.

இதனை எவ்வாறு அறிவது? பாஸ்பரஸ் அணுவின் கரு ஒரு நுண்ணிய காந்தம். அதனை வலிமைமிக்க காந்தப் புலத்தில் வைத்து வானொலி அலைகளைச் செலுத்தினால், தனக்குரிய அதிர்வெண்ணில் மறுமொழி தரும். இதுவே காந்த ஒத்ததிர்வு நிறமாலை முறை. மருத்துவமனைகளில் நாம் காணும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இதே தத்துவத்தில் இயங்குவதே.

பாஸ்பேட்டின் இரு வடிவங்களுக்கும் அதிர்வெண் சற்றே வேறுபடும். ஆயினும் வரைபடத்தில் தோன்றுவது ஒரே முகடுதான். இரு நிறம் தீட்டிய பம்பரம் சுழலும்போது ஒரே நிறமாகத் தெரிவதில்லையா? அதுபோலத்தான். எந்த நிறம் மிகுதியோ அதன் சாயல் மேலோங்குவது போல, எந்த வடிவம் மிகுதியோ அதன் பக்கம் முகடு நகரும். முகடு நிற்கும் இடத்தைக் கொண்டே கரைசலின் அமிலத்தன்மையைக் கணித்துவிடலாம்.

1973 இல் மூன், ரிச்சர்ட்ஸ் என்னும் இரு அறிஞர்கள் இம்முறையால் இரத்தச் சிவப்பணுக்களின் உட்புற அமிலத்தன்மையை அளந்தனர். மறு ஆண்டு, ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் எலியின் கால் தசையை ஆராய்ந்தனர். 1981 இல் மனித நோயாளி ஒருவரின் தசையைக் கத்தி படாமலேயே ஆராய்ந்து வெளியிட்டனர்.

அவருக்கிருந்தது, 1951 இல் பிரையன் மெக்கார்டில் என்னும் மருத்துவர் விவரித்த நோய். தசையில் சேமித்த கிளைக்கோஜனைச் சிதைத்து ஆற்றலாக்கும் நொதி இந்நோயாளிகளின் தசையில் இல்லை. நலமுடையவரின் தசை கடுமையாக உழைத்தால் அமிலம் பெருகி, பாஸ்பேட் முகடு அப்பக்கம் நகரும். அவருடைய தசையிலோ அமிலம் பெருகவில்லை. எரிபொருள் இருந்தும் எரிக்க வழியில்லை என்பதற்குப் பாஸ்பேட்டே சாட்சியாயிற்று.

இன்று இந்நோயைப் பெரும்பாலும் மரபணுச் சோதனையால் உறுதி செய்கின்றனர். மிக அரிதான நோய்தான். எனினும் அதனால் வருந்துவோர் பலர் இளமையில் சோம்பேறிகள் என்றே ஏசப்பட்டவர்கள். கடும் உழைப்பிற்குப் பின் தசை இறுகி வலிப்பதும், சிறுநீர் கருத்துப் போவதும் தென்பட்டால் தாமதியாது மருத்துவரை நாடுங்கள்.

வெளியே தெரியாத வேதனையைப் பொய்யென்று தீர்ப்பளிக்க நாம் யார்? பிள்ளையின் முறையீட்டைச் செவிமடுப்பதும் அமானிதம் பேணுவதேயாகும். வல்ல நாயன் நம் மக்கள் அனைவருக்கும் பூரண சுகத்தை அருள்வானாக! ஆமீன்.