ரெண்டு ஸ்பைடர்மேன் படம், என் ஓட்டு ரெண்டாவதுக்கு

லீவுக்கு வந்த பேரனோட உக்காந்து ஸ்பைடர்மேன் படம் ரெண்டையும் தமிழ்ல பாத்தேன். 2002-ல வந்தது ஒண்ணு, 2004-ல வந்தது ஒண்ணு. ரெண்டும் சாம் ரெய்மி எடுத்தது. பேரனுக்கு முதல் படம்தான் உசத்தி. சிலந்தி கடிச்சதும் பீட்டர் செவுத்துல ஏறுறான், கட்டடம் விட்டுக் கட்டடம் தாவுறான். எனக்கு ரெண்டாவதுதான்.

காரணம் சொல்றேன். முதல் படத்துல பீட்டர் ஒரு திருடனைத் தடுக்காம விட்டுடுறான். அந்தத் திருடனே பெரியப்பா பென்னைச் சுட்டுடுறான். பெரியம்மாகிட்ட அதைச் சொல்லாமலே படம் முடிஞ்சிருது.

ரெண்டாவது படத்துல அந்தப் பாரம் அவனை விடல. பீட்சா கொண்டுபோற வேலையும் போச்சு, வாடகையும் பாக்கி. பெரியம்மாவுக்கு பேங்க்ல கடன் இல்லைன்னுட்டாங்க, வீடு கைவிட்டுப் போகுது. பேங்க் படி ஏறி எறங்கின நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

அந்த நேரத்துலதான் அவன் உண்மையைச் சொல்றான். பெரியம்மா கையை உருவிக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம மாடிக்குப் போயிடுறாங்க. பிறகு வீடு காலி பண்ற அன்னைக்கு, உண்மையைச் சொன்னது தைரியம்னு அவங்களே சொல்லி அணைச்சுக்கிறாங்க.

ஓடுற ரயிலை அவன் நிறுத்தினதைப் பேரன் வாயப் பொளந்து பாத்தான். அதுக்கு வலை இருந்துச்சு. இதுக்கு எது இருந்துச்சு?

எங்கண்ணன்கிட்ட முப்பது வருசமா நான் சொல்லாம வச்சிருக்கிற சங்கதி ஒண்ணு உண்டு. தினம் அவர் வரப்புல நடந்துதான் என் வயலுக்குப் போறேன்.