தலைக்கோடு இட்டால் இந்தியா ஆகிவிடுமா?

சென்ற வாரம் தில்லியில் ஒரு வளாகச் சுவரில் குறுந்தொகை பற்றிய கருத்தரங்கின் அறிவிப்பைக் கண்டேன். தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. அதில் குறையில்லை, இங்கு அதுவே பொதுமொழி. ஆயின் அந்த உரோமன் எழுத்துகளின் தலைமேல் ஒரு தடித்த கோடு ஓடியது. ஒவ்வோர் எழுத்தும் அக்கோட்டிலிருந்து துணி காய்வதைப் போலத் தொங்கியது. தமிழ் எழுத்து ஒன்றுகூட அத்தாளில் இல்லை. தேவநாகரி வேடமிட்ட ஆங்கிலத்தில் குறுந்தொகை!

அவ்வெழுத்துருவின் பெயர் சமர்கன். 1990களில் வெளிவந்த அலங்காரத் தலைப்பெழுத்துரு அது. உரோமன் எழுத்தில் தண்டின் முனையில் வரும் சிறு குறுக்குக் கீற்றைச் செரிஃப் என்கிறோம். சமர்கன் அக்கீற்றை மேற்புறத்தில் மட்டும் இழுத்து நீட்டித் தடிப்பாக்கி, நாகரியின் சிரோரேகை போலக் காட்டுகிறது. கட்டை வெட்டுப் பேனாவின் தடிப்பும் மெலிவும் கூடவே ஒட்டவைக்கப்படுகின்றன. வெளிநாட்டு இந்திய உணவகப் பலகைகளிலும் யோகப் பயிற்சி நிலைய அறிவிப்புகளிலும் நாம் காண்பது இதையே, அல்லது இதன் உடன்பிறப்புகளையே. பெயரோ இந்திய நகரம் எதையும் நினைவூட்டவில்லை. உசுபெகிசுத்தானின் சமர்கந்தை நினைவூட்டுகிறது. கடைக்காரருக்குக் கிழக்கு முழுவதும் ஒரே தெரு போலும்.

இது புதிய நோயன்று. 1883இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து அச்செழுத்து வார்ப்பகம் தூரிகைக் கீற்றுகளால் ஆன உரோமன் எழுத்துருவொன்றைச் ‘சீனம்’ என்ற பெயரிலேயே விற்றது. பின்னர் அது ‘மாண்டரின்’ ஆயிற்று. சீன உணவகங்களின் அடையாளமாக இன்றும் அவ்வகை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ருடால்ஃப் கோஹ் 1923இல் செருமனியில் வடித்த நாய்லாண்ட் எழுத்துருவுக்கு ஆப்பிரிக்காவோடு எத்தொடர்பும் இல்லை. எனினும் அமெரிக்கப் பதிப்புலகம் அதனை ஆப்பிரிக்கா என்னும் சொல்லின் உடையாக்கிற்று. ஒரு மக்களின் எழுத்தைக் கற்காமலே அவர்களை அடையாளம் காட்டிவிடலாம் என்னும் வசதியைத்தான் இவை அனைத்தும் விற்கின்றன.

‘அலங்காரந்தானே, இதற்கேன் சினம்?’ என்பார் உண்டு. அலங்காரம் என்பதாலேயே சினம். உடல் எழுத்தைப் படிக்கிறோம். தலைப்பெழுத்தைப் படிக்குமுன்பே பார்த்து முடிவு செய்துவிடுகிறோம். அந்த முதல் பார்வை இங்கே சொல்வது, இந்தியா என்றால் தலைக்கோடு என்பது. வங்க எழுத்துக்கும் குர்முகிக்கும் அக்கோடு உண்டு. குசராத்தி அதனைக் கைவிட்டது. ஒடியாவில் அது வளைந்து குடையாயிற்று. தெலுங்கில் தலகட்டு என்னும் சிறு கீற்றாக நிற்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் இல்லவே இல்லை. உருதுவின் நசுதலீக்கோ வேறு உலகம். நாகரி, குர்முகி, உருது, உரோமன் ஆகிய நான்கையும் தெருப்பெயர்ப் பலகையில் நாள்தோறும் காணும் தில்லிவாசி ஒருவர், இந்தியாவுக்கு ஒரே எழுத்துமுகம் என்று எப்படித்தான் நம்புகிறார்?

(ஓலையில் கிடைக்கோடு இட்டால் கிழியும், அதனாலேயே தமிழ் எழுத்து வளைந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. டகரத்தையும் பகரத்தையும் பார்த்தவர் அவ்வாறு முழுவதுமாகச் சொல்லமாட்டார்.)

நாகரியின் மேல் எனக்குக் காழ்ப்பில்லை. சமர்கனால் முதலில் அவமதிக்கப்படுவது நாகரியே. பம்பாயின் நிர்ணயசாகர் அச்சகம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செம்மையான நாகரி அச்செழுத்துகளால் பெயர்பெற்றது. அந்த மரபின் நுட்பமெல்லாம் இங்கே ஒரு கோடாகச் சுருங்கிவிட்டது. நாகரி படிக்கும் கண் அத்தலைப்பில் ஓர் எழுத்தைத் தேடிச் சென்று ஏமாந்து திரும்புகிறது.

இக்கோட்டின் அரசியல் உணவகத்தோடு நிற்பதுமில்லை. 2010இல் நடுவணரசு ஏற்ற ரூபாய்க் குறி, நாகரி ரகரத்தையும் உரோமன் எழுத்தையும் இணைத்துத் தலைக்கோட்டோடு அமைந்தது. அதனை வடித்த உதயகுமார் ஒரு தமிழர். தமிழ் அச்செழுத்தியலில் ஆய்வு செய்தவர். 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு தன் நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் ‘ரூ’ என்று இட்டபோது, தேசமே உடைந்ததுபோல் ஒருபக்கம் கூக்குரல். மறுபக்கம் வெற்றி முழக்கம். ‘ரூ’ என்பது தமிழ்க் கணக்கேடுகளில் நெடுங்காலமாக வழங்கும் சுருக்கம் என்பதை இருசாராரும் அமைதியாக எண்ணியிருக்கலாம். உதயகுமாரின் குறி அழகானது என்றே இன்றும் கருதுகிறேன். பொதுமை என்று வரும்போதெல்லாம் அதே ஒரு கோடே ஏன் வருகிறது என்பதுதான் கேட்கப்படாத வினா.

இந்தியத்தன்மைக்கு வேடம் தேவையில்லை என்பதற்குச் சான்று இந்நகரிலேயே எழுதப்பட்டது. அரசமைப்புச் சட்டத்தின் ஆங்கில மூலப்படியைப் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா தம் கையால் சாய்வெழுத்தில் எழுதினார். நந்தலால் போசும் சாந்திநிகேதனக் கலைஞரும் பக்கங்களை அணிசெய்தனர். ஓரங்களில் அசந்தாவும் மாமல்லபுரமும் தோன்ற, நடுவில் உரோமன் எழுத்து உரோமன் எழுத்தாகவே நிற்கிறது. அலங்காரம் எங்கே சேரவேண்டும், எங்கே விலகவேண்டும் என்று அறிந்த கைகள் அவை.

தலைப்பெழுத்துரு என்றால் களிப்பு வேண்டும் என்போருக்கும் வழியுண்டு. மும்பையின் எக் டைப் குழுவினர் ‘பாலு’ என்னும் குண்டுக் குடும்பத்தை ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் தனித்தனியே வடித்தனர். தமிழுக்குப் பாலு தம்பி, மலையாளத்துக்குப் பாலு சேட்டன், குர்முகிக்குப் பாலு பாஜி. எதன் முகத்திலும் இன்னொன்றின் முகமூடி இல்லை. விலையுமில்லை, யாரும் பதிவிறக்கலாம்.

கருத்தரங்க அமைப்பாளர்க்கு எழுதினேன். ‘வடிவமைப்பாளர் தேர்ந்தது; பார்த்ததும் இந்தியா என்று தெரிகிறதே’ என்று விடை வந்தது. குறுந்தொகை என்பதைத் தமிழில் இட்ட தாளொன்றை உருவாக்கி அனுப்பியிருக்கிறேன். அரங்கு வரும் வெள்ளிக்கிழமை. சுவரொட்டி மாறுகிறதா என்று வாயிலில் பார்த்துக்கொள்வேன்.