கட்டுப்பாடு யாருக்குப் புதிது?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. சென்னையில் சில ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின, ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டருடன் ரயில் வந்தது. உலகமே எழுதியது.

நான் அப்போது விடுதியில் இருந்தேன். 'ஆளுக்கு இரண்டு வாளி' என்று ஒட்டியதும் நண்பர்கள் கொதித்தார்கள். அம்மையார்குப்பத்துக் காலனியில் வளர்ந்த எனக்கு அது பழைய கணக்கு. அம்மா போனில் கேட்டார்: "அங்க லாரியாச்சும் வருதாப்பா?"

பூண்டி எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து ஏரி. அது வறண்டால் இம்மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்து நகரத்துக்கு லாரி போகிறது. கிணற்றுக்காரருக்குக் காசு. கிணறு யாரிடம்? நிலம் யாரிடமோ அவரிடம். நீர்மட்டம் இறங்கினால் நிலமில்லாத சேரியின் அடிபம்பில் காற்றுதான் வரும்.

1927 மார்ச் 20 அன்று மகாடு சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளத்தில் தண்ணீர் இல்லாமலில்லை. நமக்குத்தான் இல்லை என்றார்கள்.

"அனைவரும் சிக்கனமாக இருப்போம்" என்கிறார்கள். தோழர்களே, யார் அந்த அனைவரும்? அரசுக் கணக்கிலேயே நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 55. (சேரிக்குத் தனிக் கணக்கு வேண்டாம், குழாயின் கடைசி முனையில் வைத்தாலே போதும்.) காசுள்ள அடுக்ககம் தனியார் லாரியை வரவழைத்து எந்தக் கட்டுப்பாட்டையும் தாண்டிவிடும்.

அடுத்த வறட்சியில் முதல் வெட்டு அந்த லாரிக்கும் நீச்சல் குளத்துக்கும் விழட்டும். 55இல் கை வைக்காதீர்கள்.